மாத்திரை இல்லாத சாட்சி

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எங்கள் தையல் கம்பெனியில் அவள் காஜா எடுப்பவள். சட்டையில் பட்டன் நுழைகிற துளையை வெட்டி ஓரம் தைக்கிற மெஷின் அவளுடையது. அதனால் எல்லோருக்கும் அவள் காஜா, சின்னப் பெண்களுக்குக் காஜாக்கா. நான் பக்கத்து மெஷினில் பட்டன் வைப்பவள். அவள் ஓட்டை போடுவாள், நான் அடைக்க வழி பார்ப்பேன். எங்கள் சிநேகமும் பல வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு வாயே கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்து எனக்கு இருக்கிறது. என் வாய்க்குப் பயந்து சூப்பர்வைசர் எங்கள் வரிசைக்கு வராமல் சுற்றிக்கொண்டு போவார்.

அவளைப் பற்றி இப்போது ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். விசுவாசத்தை விட்டு விழுந்துபோனவள் என்கிறார்கள் சபையில். பாவம், மூளை கலங்கிவிட்டது என்கிறார்கள் கம்பெனியில். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு யாரைத் திட்ட வேண்டுமோ அவரவர் திட்டிக்கொள்ளட்டும்.

அவள் புருஷன் வெல்டர். பெரிய பெரிய கட்டடம் எழும்புகிற இடமாகப் பார்த்து வேலைக்குப் போவான், மாதக்கணக்கில் அங்கேயே தங்குவான். ஒரு தடவை திரும்பி வந்தவன் பிறகு போகவே இல்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாயெல்லாம் புண். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்து எச்.ஐ.வி. என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். அவன் செத்த பிறகு இவளுக்கும் பார்த்தார்கள். இவளுக்கும் இருந்தது. அந்த மனுஷன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. செத்தவரைத் திட்டாதே என்பாள் காஜா. நான் திட்டுவேன்.

அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவன் இருக்கிறான். அடக்கத்துக்கு வந்தவன் வாசலிலேயே நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்விட்டான். பிள்ளைகள் இருக்கிற வீடு, இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று அண்ணி ஆள்விட்டுச் சொன்னாள். வீட்டுக்காரம்மா ஒரு படி மேலே போய், பொதுக் குழாயைத் தொடக்கூடாது என்றாள். காஜா கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். படுத்தவளுக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்திருக்கவில்லை.

அப்போது வந்தது எங்கள் சபைதான். இதை நான் மறைக்கவில்லை, மறைத்தால் என் நாக்கு அழுகிப்போகும். டைல்ஸ் குடோனாக இருந்த ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடக்கிற சின்னச் சபை. அந்தப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், நாறிப்போன துணியைத் துவைத்தார்கள், முகத்தைச் சுளிக்காமல் அவளைத் தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டினார்கள். போதகர் ஐயா வந்தார். பெரிய உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத சின்னக் குரல். அவர் வந்த நேரம் வீட்டுக்காரம்மா வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயா, காஜா பாதி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்து, மீதித் தண்ணீரை அந்தம்மா கண் முன்னாலேயே குடித்தார். மறுநாளிலிருந்து குழாய்ப் பேச்சு நின்றுபோனது.

காஜாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் சபையின் ஆட்டோதான். அங்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். தினம் ஒன்று, ஆயுசு முழுக்க, ஒரு நாள் விடக்கூடாது. கிருமி உடம்பை விட்டுப் போகாது, ஆனால் மாத்திரை அதைத் தலை தூக்க விடாது, நீ பாட்டுக்கு வேலைக்குப் போகலாம், நல்லபடியாக இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். காலையில் டீ குடித்ததும் ஒரு மாத்திரை. முதலில் தலை சுற்றல், வாந்தி என்று பாடாய்ப் பட்டாள். பிறகு பசி எடுத்தது. கன்னத்தில் சதை பிடித்தது. மறுபடி மெஷினில் வந்து உட்கார்ந்தாள். நீ போட்ட காஜாவை விட நீ இல்லாதபோது போட்டவள் நன்றாகப் போட்டாள் என்று நான் சீண்டினேன். அப்படியானால் அவளையே சிநேகம் பிடித்துக்கொள் என்றாள். சரி, ஆள் பிழைத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் நிம்மதியானது.

இனிமேல்தான் விவகாரம்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி நேரம். கடவுள் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சொல்லலாம். ஒரு காலத்தில் கட்டுப்பாடே இல்லாமல் நடந்தது. பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற ஒருவர் மேடையேறி, என் பல்வலியைக் கடவுள் நீக்கினார் என்று ஆரம்பித்து, எந்த டாக்டர், எந்த பஸ் ஸ்டாப், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்பதுவரை சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்த மாதமும் அவருக்கே பல்வலி வந்தது. அதற்கடுத்த மாதம் மூட்டுவலித் தைலம் விற்கிற அம்மா ஒருத்தி பாட்டிலோடு மேடையேறினாள். பாதிச் சபை சிரித்தது, பாதிச் சபை பாட்டில் வாங்கியது. சபையை நடத்துகிற மூப்பர்கள் கூடி ஒரு சட்டம் போட்டார்கள். சாட்சியில் டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி, கடை எதைப் பற்றியும் வாயே திறக்கக்கூடாது. சாட்சி சொல்கிறவர் முதல் நாளே மூப்பரிடம் சொல்லிக் காட்ட வேண்டும்.

அந்த மூப்பர் வேறு யாருமில்லை, எங்கள் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர்தான். துணியை அடுக்கி வைத்து வெட்டினால் நூல் பிசகாது. நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வராது.

காஜாவைச் சாட்சி சொல்லச் சொன்னவர் போதகர் ஐயா. அவளுக்குக் கூச்சம். ஆனால் சபைக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று மனசுக்குள் இருந்தது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் வெட்டு மேஜை பக்கத்தில் நின்று மாஸ்டரிடம் சொல்லிக் காட்டினாள், நானும் கூட இருந்தேன். சபை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனது, மாத்திரை சாப்பிடுவது, நிறுத்தாமல் சாப்பிட வேண்டும் என்று அங்கே சொன்னது எல்லாம் அதில் இருந்தது. மாஸ்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஒவ்வொன்றாக வெட்டினார்.

“மாத்திரை வேணாம் தங்கச்சி. ஆஸ்பத்திரியும் வேணாம். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். பல்லு டாக்டருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம்னு நாளைக்கு என்னைக் கேப்பாங்க.”

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெட்டியது போக மிஞ்சியதைக் காஜா மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்று, இரண்டு கையாலும் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“நான் எலும்பும் தோலுமா கிடந்தேன். எனக்கு எய்ட்ஸ். உறவு கைவிட்டுச்சு, தெரு கைவிட்டுச்சு. நீங்க வந்தீங்க, என் தலைமாட்டுல உக்காந்து ஜெபம் பண்ணீங்க. இன்னைக்கு உங்க முன்னால எழுந்து நிக்கிறேன். கடவுளுக்கு நன்றி.”

இதில் எது பொய், சொல்லுங்கள். ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் மொத்தமாகச் சேர்த்தால் அதைவிடப் பெரிய பொய் கிடையாது. அந்த ஷெட்டில் யாருக்கு அது தெரிந்தது? அந்த வியாதியின் பெயரை யாரும் அதற்கு முன் மேடையில் சொன்னதில்லை. அழுகையும் கைதட்டலும் தகரக் கூரையைத் தூக்கின. குணமாகிவிட்டாள் என்று அவள் சொல்லவில்லை. கேட்டவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அதை யாரோ போனில் பதிவு பண்ணி, அது போன் போனாகத் தாண்டி எங்கெங்கோ போனது. கம்பெனியில் காஜாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவில் கைவிட்டு எடுத்துச் சாப்பிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுத்தான் பார்லர் பெண் வந்தாள். ஊரின் அந்தக் கோடியில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்ப்பவள், கல்யாணம் ஆகாதவள். அம்மாவும் பெண்ணுமாக இரண்டு பஸ் மாறி எங்கள் சபைக்கு வந்தார்கள். அவளுக்கும் அதே வியாதி. எப்படி வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்பது எங்கள் வேலையுமில்லை. சிரித்த முகம், சதா எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள். காஜாவைக் கண்டால் கன்றுக்குட்டியாக ஒட்டிக்கொள்வாள். உங்க குரலைக் கேட்டுத்தான் நான் உயிரோட இருக்கேன்க்கா என்று சொல்லி அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். பிள்ளையில்லாத காஜாவுக்கு அது எப்படி இருந்திருக்கும். வாயில்லாதவள் அந்தப் பெண்ணிடம் மட்டும் பேச ஆரம்பித்தாள்.

ஒரு விடுமுறை நாளில் எங்கள் இரண்டு பேரையும் பார்லருக்கு வரச் சொல்லியிருந்தாள், புருவம் எடுத்துவிடுகிறேன் என்று. எங்கள் வயசுக்குப் புருவம் ஒரு கேடா என்றேன் நான். விடவில்லை. காஜா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ஒரு புருவம் முடிந்தது. அடுத்ததை ஆரம்பிக்கும் முன் வாயிலிருந்து நூலை எடுத்துவிட்டு, ஏதோ சினிமாக் கதை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

“மாத்திரையெல்லாம் குப்பையில போட்டுட்டேன்க்கா. உங்க சாட்சியைக் கேட்ட அன்னைக்கே. உங்களை மாதிரியே.”

காஜா கண்ணைத் திறந்தாள். அவள் எழுந்து அந்தப் பெண்ணின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, நான் மாத்திரை சாப்பிடுகிறேன், தினம் சாப்பிடுகிறேன், இன்று காலையிலும் சாப்பிட்டேன் என்றாள். பெண் சிரித்தாள். விளையாடாதீங்க என்றாள். சத்தியம் பண்ணினோம். என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கண் கலங்கியது. ஐயோ தப்புப் பண்ணிவிட்டேனே என்று அழுகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் காஜாவுக்காக அழுதாள்.

“எப்பக்கா விசுவாசம் குறைஞ்சுச்சு உங்களுக்கு? பயப்படாதீங்க. நான் உங்களுக்காக ஜெபம் பண்றேன்.”

மறுபடி நாற்காலியில் உட்காரக் காஜா மறுத்துவிட்டாள். ஒரு புருவம் மெல்லிசாகவும் ஒரு புருவம் தடியாகவும் மறுநாள் வேலைக்கு வந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் எரிந்து விழுந்தேன்.

அதற்குப் பிறகு காஜாவுக்கு வேறு நினைப்பே இல்லை. அந்தப் பெண் மறுபடி மாத்திரை சாப்பிட வேண்டும். வேலைக்குப் போகும் முன் அவள் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போய், தன் மாத்திரையை அவள் கண் முன்னால் வாயில் போட்டு விழுங்கிக் காட்டினாள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன், யாருக்கும் தெரியாமல் போய் வந்துவிடலாம் என்று கெஞ்சினாள். பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். அவளுடைய அம்மா அப்படியில்லை. அதுவரை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் வெளியே வந்தாள்.

“உனக்குக் கிடைச்சது என் பொண்ணுக்குக் கிடைக்கக் கூடாதா? அப்படி என்னம்மா பொறாமை உனக்கு?”

இதை என்னிடம் சொல்லும்போது காஜா மெஷினை நிறுத்தவே இல்லை. அன்றைக்கு அவள் எடுத்த காஜா பூராவும் கோணல். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி எடுத்தோம்.

போதகரிடம் போகலாம் வா என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஐயா தட்டு முன்னால் உட்கார்ந்து, சின்ன டப்பாவிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். விருந்து வீடானாலும் சாவு வீடானாலும் அதைப் போடாமல் அவர் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார், சபைக்கே தெரியும். காஜா விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே வெளுத்தது. நான் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லையே அம்மா என்றார். அது நிஜம்தான், அவர் சொல்லவில்லை. அப்படியானால் சாப்பிடச் சொல்லுங்கள், மேடையில் நின்று சொல்லுங்கள், காஜா மாத்திரை சாப்பிட்டுத்தான் பிழைத்தாள் என்று சொல்லுங்கள் என்றேன். ஐயா தட்டைத் தள்ளி வைத்தார். அந்தச் சாட்சியைக் கேட்டு எத்தனையோ பேர் சபைக்கு வந்திருக்கிறார்கள், இப்போது மாற்றிச் சொன்னால் அவர்கள் விசுவாசத்தில் இடறிப்போவார்கள் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீங்க இப்ப போட்டீங்களே ஐயா, அதுவும் மாத்திரைதானே? அதைப் பாத்து யாரும் இடறலையே?”

“அது வேறம்மா” என்றார்.

எப்படி வேறு? நான் கேட்டேன். பதில் எனக்கே தெரியும். சர்க்கரை கௌரவமான வியாதி. ஊரறிய மாத்திரை போட்டுக்கொண்டு ஊரறிய வாழலாம். இந்த வியாதிக்காரி மட்டும் ஒன்று முழுசாகக் குணமாகி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணில் படாமல் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மாத்திரை போட்டுக்கொண்டு சாதாரணமாக இருப்பதற்கு அவர்களிடம் நாற்காலி இல்லை.

ஐயா ஞாயிற்றுக்கிழமை ஏதோ சொன்னார். வைத்தியர்களும் கடவுளின் படைப்புதான், அவரவர் விசுவாசம் எவ்வளவோ அவ்வளவுக்கு நடந்துகொள்ளலாம் என்றார். எல்லோருக்கும் பொதுவாக, யாருக்கும் வலிக்காமல் சொன்னார். பார்லர் பெண் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் ஓடிவந்து காஜாவைக் கட்டிக்கொண்டு, ஐயா உங்களுக்காகத்தான் சொன்னார்க்கா, குறைந்த விசுவாசக்காரர்களையும் கடவுள் தள்ள மாட்டாராம் என்றாள். நல்ல வேளை, ஐயா அந்தப் பக்கம் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கு என் வாயில் என்ன வந்திருக்குமோ.

அந்தப் பெண்ணுக்குக் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. உபவாசம் இருக்கிறேன் என்றாள். விடாமல் இருமினாள். குளிர் காற்று என்றாள்.

அடுத்த சாட்சி நேரத்துக்குக் காஜா மாஸ்டரிடம் பெயர் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றாள். மாஸ்டர் ரொம்ப நேரம் கத்தரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். சட்டத்தை மீற எனக்கு அதிகாரமில்லை தங்கச்சி என்றார். ஒரு உயிர் போகிறது மாஸ்டர் என்றாள் காஜா. மூப்பர் கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். வைத்தாரோ இல்லையோ, அவள் பெயர் வரவில்லை.

பெயர் வராவிட்டால் என்ன. யாரோ சாட்சி சொல்லி இறங்கியதும் காஜா நாற்காலியிலிருந்து எழுந்தாள். மெஷின் சத்தத்துக்கு நடுவில்கூட உரக்கப் பேசாதவள், மைக் இல்லாமல், நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்.

“எனக்குக் குணமாகலை. நான் மாத்திரை சாப்பிடுறேன். நிறுத்தினவங்க தயவுசெஞ்சு மறுபடி...”

அவ்வளவுதான் கேட்டது. யாரோ கீபோர்டில் பாட்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் அக்காவுக்குச் சோதனை வந்திருக்கிறது, எல்லோரும் அவருக்காக ஜெபிப்போம் என்று மைக்கில் ஒரு குரல் வந்தது. ஷெட் முழுக்கக் கையை உயர்த்திச் சத்தமாக ஜெபம் பண்ணியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அவள் தலையிலும் தோளிலும் கை வைத்து அழுத்தி, கண்ணீர் விட்டுக்கொண்டு ஜெபம் பண்ணினார்கள். அந்தக் கைகளுக்குக் கீழே அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு வார்த்தை வெளியே கேட்கவில்லை. ஜெபம் பண்ணியே ஒருத்தியின் வாயை அடைக்கலாம் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்வரிசையில் பார்லர் பெண் எல்லோரையும்விட உரக்க ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கம்பெனியில் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் ஒரு தனி டம்ளர் இருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. குணமாகவில்லை என்றால் இன்னும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவளைக் குளிப்பாட்டியவர்களே சபையிலும், அவள் டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டவர்களே கம்பெனியிலும் இப்போது தள்ளி உட்கார்ந்தார்கள். அவர்கள் நேசித்தது காஜாவை இல்லை, குணமான காஜாவை. நான் அந்த டம்ளரை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தேன். மறுநாள் இன்னொன்று வந்தது. அதையும் எறிந்தேன். போகட்டும் விடு, டம்ளருக்கு என்ன பஞ்சம் என்றாள் காஜா. அவளுக்கு டம்ளர் கவலையே இல்லை. பார்லர் பெண் போனை எடுப்பதில்லை என்பதுதான் கவலை.

வெயில் காலம் தொடங்கும்போது அந்தப் பெண்ணுக்குத் தலைவலி வந்தது. சுவரில் முட்டிக்கொள்கிற அளவுக்குத் தலைவலி. பிறகு வலிப்பு. வலிப்பு வந்ததும் அம்மா கூட்டிக்கொண்டு போன இடம் சபை. போதகர் ஐயா ஒரு பார்வை பார்த்தார். ஜெபத்தை நிறுத்திவிட்டு, அவரே தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் டிபி மூளைக்கு ஏறிவிட்டிருந்தது. உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றுமில்லை, மாத்திரையை விடாமல் இருந்திருந்தால் பெரும்பாலும் இந்த நிலைமைக்கு வந்திருக்காது, இனி மறுபடி ஆரம்பித்தாலும் உடம்பு தாங்குமா தெரியாது என்றார் டாக்டர். ஐயா வராண்டாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு ஒரு துளி இரக்கம் வரவில்லை. அழுது முடித்துவிட்டு வந்து மேடையில் சொல்லுங்கள் ஐயா என்றேன். அவர் இன்றுவரை சொல்லவில்லை.

காஜா லீவு போட்டுவிட்டு அந்தக் கட்டிலோடு இருந்தாள். அம்மாவும் அவளை விரட்டவில்லை, விரட்டத் தெம்பில்லை. பெண்ணுக்குக் கண் மங்கிவிட்டது, ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது குரலை வைத்துத்தான். கடைசியாக நான் போன அன்றைக்குக் கொஞ்சம் நினைவோடு இருந்தாள். காஜா ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, சாட்சி சொல்லுங்கக்கா.”

காஜா துணியைக் கீழே வைத்தாள். அவள் காதோடு குனிந்து, நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். நான் எலும்பும் தோலுமாகக் கிடந்தேன், சபை என்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, அங்கே மாத்திரை கொடுத்தார்கள், அதை நான் ஒரு நாள்கூட விடாமல்...

பெண் தலையை அப்படியும் இப்படியும் அசைத்தாள். “அது இல்லக்கா. மேடையில சொன்னீங்களே, அது.”

காஜா என்னை நிமிர்ந்து பார்த்தாள். என்ன சொல்வேன் நான்? ஊரெல்லாம் வாயடிக்கிற என் வாய்க்கு அப்போது ஒரு வார்த்தை அகப்படவில்லை. சொல்லு என்று மட்டும் தலையை அசைத்தேன். அவள் சொன்னாள். மாஸ்டர் வெட்டிக் கொடுத்தது எதுவோ அதை, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னாள். பெண்ணின் உதடும் கூடவே அசைந்தது, அவளுக்கு அது மனப்பாடம். கடவுளுக்கு நன்றி என்று முடிந்ததும் ஆமென் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாங்கள் கிளம்பினோம். அம்மா வார்டு வாசல்வரை வந்தாள். அங்கே நின்று காஜாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“இப்பதாம்மா நீ உண்மையைச் சொன்னே. இதை அன்னைக்கே என் வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தா என் பொண்ணு மனசு விடாம இருந்திருப்பாளே.”

காஜா கையை உருவிக்கொள்ளவில்லை. சரிம்மா என்றாள். பெண் அந்த வாரமே போய்விட்டாள்.